அனுமதிக்காகக் காத்திருப்பவை

…அல்லது படகோட்டி கண்ணயர்ந்திருப்பாரோ என்று கேட்டிருந்தார் நாற்பத்தோராவது ஆள், அவருக்கு முன்னவர் இயந்திரம் பழசு என்றார், அதற்கும் முன்னவர் சீமெந்துப் பை ஏற்றினதாகக் கேள்வி என்று எழுதிக் கீழே கைகூப்பும் படம் ஒன்றும் போட்டிருந்தார், எதற்குக் கைகூப்புகிறார், செத்தவளுக்கா, சீமெந்துக்கா, என்று யோசித்தபடி துர்க்கா குசினிக் கதிரையில் ஒரு காலை மடித்து வைத்துக்கொண்டு திரையை மேலே தள்ளினாள். காலை ஆறு மணிக்கு அறுபத்து மூன்று பதிவுகள். ஒவ்வொன்றின் அடியிலும் இரண்டு பொத்தான்கள், அனுமதி, நிராகரி. பதினாலாயிரம் பேர் இருக்கிற ‘எங்கட தீவுகள்’ முகநூல் குழுவில் யார் எதை எழுதினாலும் அது முதலில் இவளிடம் வந்து நிற்கும், இவள் விரல் வைத்தால்தான் மற்றவர்கள் கண்ணில் படும். ஊர்காவற்றுறையில் இருந்து தினமும் படகேறி அனலைதீவுக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிற ஒருத்திக்கு இந்த வேலை எப்படி வந்து சேர்ந்தது… குழுவைத் தொடங்கிய கணநாதன் அண்ணை ரொறன்ரோவில் இருக்கிறார், ஊரில் இருக்கிற ஒருவர் பார்த்தால்தான் பொய் மெய் பிடிபடும் என்று ஆறு வருடத்துக்கு முன் இவளையும் நிர்வாகியாக்கினார், அவளும் ஓம் என்றாள். ஏன் ஓம் என்றாள்? ஊர் முழுவதும் என்ன நினைக்கிறது என்பதை ஊருக்கு முன்பே பார்த்துவிடுகிற ஆசைதான், வேறென்ன.

நேற்றுப் புதன்கிழமை பின்னேரம் மூன்றரைக்கு அனலைதீவில் இருந்து வெளிக்கிட்ட படகு நடுக்கடலில் மூழ்கியது. பதினேழு பேரை மீன்பிடிப் படகுகள் ஏற்றிக்கொண்டு வந்தன. பனையோலைக் குட்டான்களில் விற்பனைக்குப் பனங்கட்டி கட்டிக்கொண்டு கிழமைக்கு ஒருதரம் யாழ்ப்பாணம் போகிற பரிமளம் கரை சேரும் முன்பே செத்துப்போனாள். படகோட்டி யாகப்புவை இன்னும் காணவில்லை. இவ்வளவுதான் தெரியும், துர்க்கா இதை நேற்றே ஐந்து வரியில் எழுதிப் போட்டுவிட்டாள், அதற்குமேல் தெரிந்தது ஒன்றும் இல்லை, ஆனால் தெரியாதது எவ்வளவு இருக்கிறது என்று பார், அறுபத்து மூன்று, இல்லை, இப்போது அறுபத்தாறு, பாரிஸில் இருந்தும் சிட்னியில் இருந்தும் மண்டைதீவில் இருந்தும் ஒவ்வொருவரும் ஒவ்வொரு ஓட்டையைப் போட்டு அந்தப் படகைத் திரும்பத் திரும்பத் தாழ்த்துகிறார்கள். ஒருவர் குடி என்கிறார். ஒருவர் பாறை என்கிறார், அந்தக் கடலில் பாறை எங்கே இருக்கிறது. ஒருவர் பரிமளத்துக்கு முதலே நெஞ்சு வருத்தமாமே என்கிறார், அப்படியென்றால் அவளைக் கடல் கொல்லவில்லை என்று ஆகிவிடுமா, ஆகிவிட்டால்தான் யாருக்கு ஆறுதல்… வாசிக்க வாசிக்கக் கோபம் வரவேண்டும், வரவில்லை, கணக்கு ஒன்றுக்குப் பத்துப் பிள்ளைகள் பத்து விடை எழுதிக் கொடுத்தால் எந்தப் பிள்ளை எந்த இடத்தில் வழி தவறியது என்று தேடிப்போகிற அதே ருசிதான் வந்தது, அது அவளுக்குக் கொஞ்சம் வெட்கமாயும் இருந்தது.

நாலாம் விதி, ஊகங்களைப் பதிவிட வேண்டாம். எழுதியவள் அவள்தான். கொரோனாக் காலத்தில், கொழும்பில் இருந்து வந்த ஒரு குடும்பத்தைப் பற்றி ஒருவர் ‘அந்த வீட்டாலதானோ தெரியாது’ என்று ஒரே ஒரு வரி போட்டார், தானோ என்றுதான் எழுதினார், தெரியாது என்றும் எழுதினார், இருந்தும் இரண்டு கிழமை அந்த வீட்டுப் பெண்ணை நல்ல தண்ணிக் கிணற்றடியில் ஒருவரும் அண்டவிடவில்லை, பிறகு சோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தது, பதிவை அழித்தார்கள், கிணற்றடியில் நடந்ததை எந்தப் பொத்தானால் அழிப்பது? அதற்குப் பிறகுதான் நாலாம் விதி. அதை எடுத்துவிடச் சொல்லித்தான் கணநாதன் அண்ணை விடியத் தொடங்கி மூன்று குரல் பதிவு அனுப்பியிருந்தார், அங்கே இன்னும் நேற்றைய இரவுச் சாப்பாடு, பின்னால் கோப்பை கழுவுகிற சத்தம் கேட்கிறது. “துர்க்கா, சனம் யோசிக்கிறதை மறிக்க ஏலாது. நீர் மறிச்சால் வேற குறூப்புக்குப் போய் இதைவிட மோசமாக் கதைப்பினம். இஞ்சை கதைச்சால் நாங்கள் பிழையைத் திருத்தலாம். நீர் விஞ்ஞான ரீச்சர், பிள்ளையளிட்டைக் கருதுகோள் சொல்லு எண்டு நீர்தானே கேக்கிறனீர்?” அந்தக் கடைசிக் கேள்விதான் நெஞ்சுக்குள் போய்க் குந்திக்கொண்டது. ஓம், கேட்கிறவள்தான். முட்டை ஏன் உப்புத் தண்ணியில் மிதக்கிறது, சொல்லுங்கோ, பிழையெண்டாலும் பரவாயில்லை, சொல்லுங்கோ. ஆனால் முட்டைக்குப் பெண்சாதி இல்லை, அண்ணை. முட்டையைப் பற்றிப் பிழையாகச் சொன்னால் அதைக் கடையில் கண்டு ஒருவரும் முகத்தைத் திருப்புவதில்லை… இதையே அவருக்கு அனுப்பலாம் என்று எடுத்து, சரியாக இருக்கிறது, சரியாக இருக்கிறது என்பதாலேயே ஏதோ பிழை என்று நினைத்து அனுப்பாமல் விட்டாள்.

கேத்தில் கொதித்து மூடி ஆடியது. எழுந்து தேயிலையைப் போட்டு, சீனியைத் தேடி, திரும்ப வந்து இருந்து, குடி என்று எழுதியதை நிராகரி, பாறையை நிராகரி, நித்திரையை, நெஞ்சு வருத்தத்தை, சீமெந்தை, ஒவ்வொன்றையும் இரண்டு தரம் வாசித்துவிட்டுத்தான், அடுத்தது ஒரு படம், தேனுஜன் போட்டிருந்தான், இவளிடம் படித்து இப்போது யாழ்ப்பாணத்தில் போன் திருத்துகிறவன். ‘போன கிழமை படகில எடுத்த படம். ஆக்கள் கால் வைக்கிற இடத்தில தண்ணி நிக்குது பாருங்கோ. தண்ணி இறைக்கிற பம் வேலை செய்ததோ?’ அவள் விரல் நிராகரி என்ற இடத்தில் பட்டுவிட்டது. படம் போய்விட்டது. அடுத்த பதிவு வந்து அந்த இடத்தில் நின்றது, அவள் அதை வாசிக்கவில்லை. இதை நான் இரண்டாம் தரம் வாசித்தேனா? இல்லையே. முதல் தரமே முழுக்க வாசித்தேனா… ஒருவரையும் பேர் சொல்லாத, குடிகாரன் என்று சொல்லாத, இவ்வளவற்றிலும் ஒழுங்கான ஒரேயொரு கேள்வி அதுதான், படத்தோடு வந்தது, வகுப்பில் என்றால் இந்தப் பிள்ளைக்குத்தான் முழுப்புள்ளி. விரல் ஏன் முந்தியது? உட்பெட்டியில் உடனே அவன், “ரீச்சர், ஏன் எடுத்தனீங்கள்? நான் ஒருத்தரையும் குற்றம் சொல்லேல்லை. கேட்டனான், அவ்வளவுதான்.” நாலாம் விதி, தம்பி, என்று எழுதினாள், ஆனால் விரல் முந்தியது விதிக்காக இல்லை.

ஏனென்றால் அவளும் கண்டவள். நேற்றுக் காலை ஏழு மணிப் பயணத்தில், அதே படகில், வழக்கமான பின்பக்கப் பலகையில் இருந்தாள், பாதத்தை வைத்தபோது தண்ணீர், செருப்பு மூழ்குகிற அளவு, குளிர் அல்ல, வெதுவெதுப்பும் அல்ல. “அண்ணை, தண்ணி கூடவாக் கிடக்குது” என்றாள். யாகப்பு திரும்பிப் பார்த்துச் சிரித்தார், “அது செவ்வாய்க்கிழமை மழைத் தண்ணி, ரீச்சர். சேலையைத் தூக்கிப் பிடியுங்கோ” என்றார், பக்கத்தில் இருந்த சங்கீத ரீச்சரும் சிரித்தாள், துர்க்கா சேலையைத் தூக்கிப் பிடித்தாள், கதை முடிந்தது. மத்தியானம் அரைநாள் லீவு எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போகவென்று பன்னிரண்டு மணிப் பயணத்தில் திரும்பிவிட்டாள், அப்போது தண்ணீர் இருந்ததா, குறைந்ததா, கூடியதா, யோசித்துப் பார்க்கிறாள், அந்த இடத்தில் நினைவு வெறுமையாகக் கிடக்கிறது, வங்கி மூடிவிடுமோ என்ற யோசனைதான் இருக்கிறது. மூன்றரைப் பயணத்தில் அவள் இல்லை. பரிமளம் இருந்தாள். படகு இரவில் அனலைதீவு இறங்குதுறையில்தான் கட்டிக் கிடக்கும், ஆக, செவ்வாய்க்கிழமை அனலைதீவில் மழை பெய்ததா இல்லையா, பெய்யவில்லை என்றால் அது கடல் தண்ணி, இது ஒரு சின்னக் கேள்வி, இதற்கு விடை உண்டு, ஐப்பசி மாத மழை ஒரு தீவில் கொட்டினால் அடுத்த தீவில் மண் நனையாது, ஆனால் அங்கே முந்நூறு பேருக்காவது தெரியும், ஒரு போன் போதும். நேற்றுப் பின்னேரம் ஐந்து மணியில் இருந்து அவள் கையில் போன் இருக்கிறது.

காலையில் புருஷன் சோமநாதன் சைக்கிளை எடுத்து இறங்குதுறைக்கு வெளிக்கிட்டபோது கேட்டுப் பார்த்தாள். “இஞ்சேருங்கோ, செவ்வாய்க்கிழமை மழை பெய்ததே?” அவர் சங்கிலியைப் பார்த்தபடி, “இஞ்சை தூறினது. ஏன்?” என்றார். “சும்மா.” “சும்மா ஆரும் மழையைக் கேக்கிறதே?” என்று அவளை ஒருதரம் பார்த்தார், பிறகு போய்விட்டார். நல்ல மனிதர், ஒன்றைத் தோண்டுவதில்லை, தோட்டத்து வெங்காயத்தைத் தவிர. தோண்டாமல் இருப்பதும் ஒரு குணம், தோண்டுவதும் ஒரு குணம், ஒரே வீட்டில் இரண்டும் இருபது வருடம் குடியிருக்கிறது.

ஏழரைக்குக் கனகசபை என்ற ஒருவரின் நீண்ட பதிவு. நோர்வேயில் இருக்கிறார், அனலைதீவில் பிறந்து முப்பது வயது வரைக்கும் கடலில் போனவராம். படகு ஏன் மூழ்கியது என்று அவர் கேட்கவில்லை, யாகப்பு எங்கே இருப்பான் என்று கேட்டிருந்தார். காற்று வாடைக்குத் திரும்பிவிட்டது, இந்த நாட்களில் பின்னேர நீரோட்டம் தெற்கே இழுக்கும், வெறும் எண்ணெய்க் கான் ஒன்று கையில் அகப்பட்டிருந்தால் ஆள் நயினாதீவுப் பக்கம்தான் போயிருப்பான், அங்கே சிறகுவலை கட்டிய கம்புகள் நிற்கும், ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்கக்கூடும், மூழ்கின இடத்தில் தேடிப் பிரயோசனம் இல்லை… இதுவும் ஊகம்தானே. அவர் கடலைக் கண்டு முப்பது வருடம். பிழையென்றால்? பிழையென்றால் ஒரு படகு வீணாகத் தெற்கே போகும், சரியென்றால், சரியென்றால்… இவ்வளவு நேரமும் அடைத்துக்கொண்டிருந்த அதே கதவால்தான் இதுவும் வருகிறது, இதற்கென்று தனியாக ஒரு வாசல் இல்லை. அவள் அனுமதியும் கொடுக்கவில்லை, நிராகரிக்கவும் இல்லை, சோமநாதனுக்குப் போன் எடுத்து அதை முழுவதும் வாசித்துக் காட்டினாள், அவர் அங்கே நின்றவர்களிடம் சொல்வதும் யாரோ பதில் சொல்வதும் கேட்டது. பிறகு அவர், “உது தங்களுக்குத் தெரியாதோ எண்டு கேக்கினம். விடிய வெள்ளாப்போடையே ரெண்டு படகு அந்தப் பக்கம்தானாம் போனது” என்றார். சிரிப்பு வந்தது, கண்ணும் நனைந்தது. பதினாலாயிரம் பேரும் பொத்தானுக்குக் காத்திருக்க, கடலில் போகிறவர்கள் ஊகித்து முடித்து எண்ணெய் ஊற்றிக்கொண்டு போயே விட்டார்கள்.

பிறகுதான் அந்தப் பதிவு. போட்டவர் பெயர் மாக்கிறேற் யாகப்பு. விடியச் சாமம் போட்டது, வரிசையின் அடியில் கிடந்திருக்கிறது, மேலே மேலே வந்து விழுந்தவை அதை மூடிவிட்டன. ‘அவர் குடிக்கிறேல்லை. அவருக்குச் சீனி வருத்தம். நேற்று மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியை விட்டிட்டுப் போயிட்டார். சாப்பிடாமல் மயங்கியிருப்பாரோ தெரியாது. ஆருக்கும் ஏதும் தெரிஞ்சால் சொல்லுங்கோ.’ துர்க்கா போனை மேசையில் வைத்தாள், எடுத்தாள். யாகப்புவின் பெண்சாதியும் ஊகிக்கிறாள். வேறு என்ன செய்வாள், ஆள் இல்லாத இடத்தில் ஒரு காரணத்தையாவது வைத்துப் பார்க்கிறாள், காரணம் என்று ஒன்று இருந்தால் அதைச் சுற்றி ஆளும் இருப்பார் என்று… நாலாம் விதியை இவளுக்கு எப்படிச் சொல்வது? அனுமதி என்பதை அழுத்தினாள், இன்றைக்கு முதலாவது அனுமதி. அழுத்திவிட்டு ஒரு நல்ல காரியம் செய்தவள் போலத் தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்தாள், ஆறிவிட்டிருந்தது. ஐந்து நிமிடத்தில் நாற்பது பேர் ஆறுதல் சொன்னார்கள். ஏழாவது நிமிடம் ஒருவர், ‘சீனி வருத்தக்காரரைப் படகோட விட்டது ஆர்?’ பத்தாவது நிமிடம் இன்னொருவர், ‘அப்ப வீட்டாருக்குத் தெரிஞ்சுதான் அனுப்பினவை.’ சாப்பாட்டுப் பெட்டியை மறந்தது இப்போது பரிமளத்தைக் கொன்றதாகிவிட்டது. பதிவுகளைத்தான் மறிக்கலாம், கீழே எழுதுகிற பதில்களுக்கு மறிப்பு இல்லை, ஒவ்வொன்றாக அழித்தாள், அழிக்க அழிக்க முளைத்தது, கடைசியில் பதில் எழுதுகிற வசதியையே பூட்டினாள்.

எட்டரைக்கு மாக்கிறேற் போன் எடுத்தாள், நேற்றே படகு பிடித்து இங்கே தமையன் வீட்டுக்கு வந்துவிட்டாளாம். ஏன் என்ரை பதிவை விட்டனீங்கள் என்று கேட்கப்போகிறாள், அல்லது ஏன் பூட்டினனீங்கள் என்று, இரண்டுக்கும் துர்க்கா விடை தயாராக்கிக்கொண்டாள். மாக்கிறேற் இரண்டையும் கேட்கவில்லை.

“ரீச்சர், நீங்கள் நேற்றுக் காலமை அவரோடை போனனீங்கள் எல்லே?”

“ஓம் அக்கா.”

“அவர் எப்பிடி இருந்தவர்? களைச்ச மாதிரி, தலை சுத்தின மாதிரி ஏதும்…”

“இல்லை அக்கா. நல்லாத்தான் இருந்தவர். எங்களோடை பகிடியும் விட்டவர்.”

“என்ன பகிடி?”

என்ன பகிடி. குரலில் ஒரு பசி, என்னவென்று இல்லை, எதையாவது, அவர் வாயில் இருந்து வந்தது எதையாவது. சேலையைத் தூக்கிப் பிடியுங்கோ என்றவர், என்று சொல்லலாம், சொன்னால் ஏன் என்று கேட்பாள், தண்ணி நின்றதே என்று சொல்லவேண்டும், எவ்வளவு தண்ணி, என்ன தண்ணி… அல்லது, இவள் அனலைதீவுக்காரி, செவ்வாய்க்கிழமை இவள் வீட்டு முற்றம் நனைந்ததா காய்ந்ததா என்று இவளுக்குத் தெரியாமல் இராது, இதோ போனின் மற்றப் பக்கத்தில் விடை மூச்சு விட்டுக்கொண்டு நிற்கிறது, கேள், ஒரு வார்த்தை, மழை. வாயைத் திறந்தாள்.

“ஞாபகம் இல்லை அக்கா. ஆனால் எல்லாரும் சிரிச்சனாங்கள்.”

“சிரிச்சனீங்களோ…” என்றாள் மாக்கிறேற். “அது காணும் ரீச்சர், போதும்” என்றாள்.

போனை வைத்தாள் துர்க்கா. கேள்வி கேட்பதற்கு ஒருநாளும் பயந்தவள் இல்லை, சின்ன வயதில் தேர்த் திருவிழாவில் சாமிக்கு வேர்க்குமோ என்று ஐயரிடம் கேட்டு அப்பாவிடம் குட்டு வாங்கியவள். இப்போது என்ன வந்தது? அப்படிப் பார்த்தால் தண்ணீர்தான் காரணம் என்று யார் சொன்னது, படகில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும், பம் நல்லாகவே வேலை செய்திருக்கும், நித்திரை, பாறை, சீனி, எதுவும் இருக்கலாம். ஓ. இதற்குத்தானா. அறுபத்தாறையும் ஒவ்வொன்றாய் இரண்டு தரம் வாசித்தது இதற்குத்தானா, எல்லாக் காரணத்தையும் பிழை என்று தள்ளுகிற நிர்வாகி, உள்ளுக்குள் ஒவ்வொன்றையும் நீயாவது இருந்துவிடு என்று கெஞ்சிக்கொண்டு… தேனுஜனுடையதைத் தவிர. அவனுடைய படம் மட்டும் போய்விடவேண்டும் என்றிருந்தது. அவனுக்கு எழுதினாள், ‘தம்பி, அந்தப் படத்தைத் திரும்பப் போடும்’, அழித்தாள், திரும்ப எழுதினாள், அனுப்பினாள்.

ஒன்பதேகாலுக்குச் சோமநாதன். சொல்லும் முன்பே பின்னால் சத்தம், விசில், யாரோ அழுகிற மாதிரி ஒரு சிரிப்பு. “துர்க்கா, ஆள் கிடைச்சிட்டுது! உயிரோடை! நயினாதீவுக்கு வடக்காலை, சிறகுவலைக் கம்பைப் பிடிச்சபடி நிண்டவராம்.” தேடிப்போன இரண்டு படகுமல்ல, போனே இல்லாத ஒரு கிழவர் தன்னுடைய வலையைப் பார்க்கப் போன இடத்தில் கண்டிருக்கிறார், மனுசன் கம்பை விடமாட்டேன் என்று நின்றாராம், விரல் விறைத்துப்போய்க் கழற்றித்தான் எடுத்தார்களாம். துர்க்கா குசினி நிலத்தில் குந்தி அழுதாள், நல்ல அழுகை, மூக்கெல்லாம் அடைத்தது. பிறகு எழுந்து ஒரே வரி எழுதினாள், யாகப்பு அண்ணை உயிருடன் மீட்கப்பட்டார், அவளுக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை, அப்படியே போனது, நிமிடத்துக்கு நூறு பேர் இதயமும் கைகூப்பும் போட்டார்கள். கனகசபையின் பதிவுக்கும் அனுமதி கொடுத்தாள், இப்போது அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை, இருந்தும் மனிதர் முப்பது வருடத்துக்குப் பிறகும் அந்தக் கடலைச் சரியாக நினைத்து வைத்திருக்கிறாரே. கணநாதன் அண்ணை உடனே, “பாத்தீரே, நான் சொன்னனான், கனகசபையின்ரை ஊகம் சரிவந்திட்டுது!” அதை வாசித்து ஒருவரும் போகவில்லை அண்ணை, என்று எழுத நினைத்தாள், விட்டாள். அதற்குள் வரிசையில் புதிதாகப் பதினொன்று. ஒருவர் அற்புதம் என்கிறார், ஒருவர் எந்தச் சாமியின் அற்புதம் என்கிறார், ஒருவர் பதினேழு மணித்தியாலம் ஒருவன் கடலில் நிற்க ஏலுமோ, ஒளித்திருந்துவிட்டு வந்தாரோ என்கிறார். தேனுஜனின் படமும் அதற்குள் நின்றது, இந்தமுறை கேள்வி இல்லை, வெறும் படம்.

மாக்கிறேற் திரும்ப எடுத்தாள், அழுகைக்குள் சொல் பிடிபடவில்லை, ஆஸ்பத்திரிக்குப் போகிறேன், நீங்களும் வாருங்கோ ரீச்சர், எனக்குத் தனியப் போகக் கால் வருகுதில்லை. “வாறன் அக்கா, இப்ப வாறன்.” முகத்தைக் கழுவினாள், அலுமாரியைத் திறந்து ஒரு சேலையை எடுத்தாள், உடுத்த உடுத்த, அவரைக் கண்டதும் முதலில் என்ன கேட்பது என்று யோசித்தாள், எப்படி இருக்கிறியள் அண்ணை என்றுதான், பிறகு, நாளைக்கோ மறுநாளோ கொஞ்சம் தேறின பிறகு, அந்தத் தண்ணி என்ன தண்ணி என்று. கேட்கத்தான் வேண்டும். அவருக்குத்தான் தெரியும், அவர்தான் இருக்கிறாரே, இனி ஒருவரும் ஊகிக்கத் தேவையில்லை… கொசுவம் எடுக்கிற கை நின்றது. இவ்வளவு நேரமும் சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள், சந்தோஷம்தான், அதில் பொய் இல்லை, ஆனால் அதற்குப் பக்கத்தில் வேறொன்றும் வந்து நிற்கிறது, அது எப்போது வந்தது, சோமநாதன் உயிரோடை என்று சொன்ன அந்த இடத்திலேயா? நேற்று ஐந்து மணியில் இருந்து இன்று ஒன்பதேகால் வரை, தண்ணி கூடவாக் கிடக்குது என்று ஒரு ரீச்சர் கேட்டதும், பிறகு பேசாமல் இருந்ததும், உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் ஞாபகம் இருக்கக்கூடியது, சங்கீத ரீச்சர் இதையெல்லாம் மனதில் வைத்திருக்கிற ஆள் இல்லை. அந்த இரண்டில் ஒருவரை இவ்வளவு நேரமும் காணவில்லை. காணாமல் போயிருந்தவரை அவள் எவ்வளவு தேடினாள், உண்மையாகத்தான் தேடினாள்… வெளியே மாக்கிறேற்றின் தமையனுடைய ஓட்டோ வந்து நின்று ஹோன் அடித்தது. அவருக்கு அந்தக் காலை ஞாபகம் இருக்குமோ, என்று துர்க்கா தன்னைத்தானே கேட்டாள், இருக்கவேண்டும் என்று நான் நினைக்கிறேனா?